டாமரிஸுக்குக் கொடுத்த அச்சாரம்

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தங்கள் கை என்ன செய்கிறது என்பதே தெரிவதில்லை. வருகிறார்கள், ஏழைப் பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு ஷில்லிங்கை வைத்து விரல்களை மடக்குகிறார்கள், கன்னத்தைத் தட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். அது அச்சாரமா, பிச்சையா, விளையாட்டா என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள். ஜாபெஸ் ஹார்லண்ட் இளவட்டமாக இருந்த காலத்தில் மொடாக்குடியனுக்குக்கூட இது தெரிந்திருந்தது. சந்தையில் தள்ளாடிக்கொண்டே எவன் கையிலாவது காசை வைத்துவிட்டால், மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவனுக்கு ஒரு வருஷம் கஞ்சி ஊற்றியே தீரவேண்டும். போதை என்று சொல்லித் தப்ப முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான். இன்றைக்குப் பட்டு உடுத்தியவர்களுக்கே அந்த நேர்மை இல்லை.

இப்படித் திட்டிக்கொண்டேதான் ஜாபெஸ் கிழவர் ஸ்கெல்பி மாளிகைக்குப் போகும், இருபுறமும் மரம் நின்ற சாலையில் ஏறிக்கொண்டிருந்தார். தோளில் பேத்தியின் மரப்பெட்டி. பின்னால் பேத்தி டாமரிஸ். பதின்மூன்று வயது. நேற்றும் இதே பெட்டியோடு இதே சாலையில் வந்தவள்தான் அவள். சமையலறை வாசலிலேயே நிறுத்தி, "படம் முடிஞ்சிருச்சு, இனிமே உனக்கு இங்க வேலை இல்ல" என்று காரியஸ்தர் க்ரேக் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பெட்டிய நான் தூக்கறேன் தாத்தா. உனக்கு இளைக்குது."

"எனக்கு ஒண்ணும் இளைக்கல. கோவம் வந்தா மூச்சு இப்படித்தான் வரும். நீ வாய மூடிட்டு வா."

விஷயம் இதுதான். மாளிகையின் எஜமானி லவினியா அம்மாள் விதவை. தெற்கே பாத் நகரத்தில் இருந்தவர், தமையன் செத்த பிறகு இந்த வீடு தன் கைக்கு வந்ததால் வந்து குடியேறியவர். அறுவடை முடிந்த கையோடு யார்க் நகரத்திலிருந்து ஓர் ஓவியரை வரவழைத்தார். தன்னையும் ஒரு சின்னப் பெண்ணையும் சேர்த்து ஒரு படம் எழுதவேண்டுமாம். சொந்தத்தில் சின்னப் பெண் யாரும் இல்லை. தேவாலயத்தில் டாமரிஸின் முகத்தைப் பார்த்து, "அந்தப் பொண்ணை அனுப்பு" என்று ஆள் விட்டார். முதல் நாளே அவள் கையில் ஒரு ஷில்லிங்கை வைத்தார்.

அன்று மாலை டாமரிஸ் குடிசைக்குள் ஓடிவந்து கையை விரித்தாள். "தாத்தா, அம்மா என்னை எடுத்துக்கிட்டாங்க!"

ஜாபெஸ் காசை வாங்கிக் கடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார். "காரியஸ்தன் குடுத்தானா, அவங்களே குடுத்தாங்களா?"

"அவங்களே. என் விரலைக்கூட அவங்களே மடக்கினாங்க."

"என்ன சொன்னாங்க?"

"நீ எங்கிட்ட வந்துட்டே, இந்தக் குளிர்காலத்துல உனக்கு ஒரு குறையும் வராதுன்னு சொன்னாங்க."

அவ்வளவுதான். அந்தப் பக்கத்து ஊர்களில் அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். எஜமானர் தன் கையால் காசு வைத்து விரலை மடக்கினால், நவம்பரில் வருகிற மார்ட்டின் திருநாளிலிருந்து அடுத்த மார்ட்டின் திருநாள் வரை அந்தப் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. படுக்கை, சாப்பாடு, கூலி எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிள்ளையும் வேறு எவரிடமும் காசு வாங்கக்கூடாது. வாங்கினால் கேவலம்.

அதனால்தான் மெகின்சன் பண்ணைக்காரி வாசல் தேடி வந்து, "பால் கறக்கவும் வெண்ணெய் கடையவும் உன் பேத்திய அனுப்பு ஜாபெஸ், சொந்தப் பொண்ணு மாதிரி வெச்சுக்கறேன்" என்று கேட்டபோது, அவர் மார்பை நிமிர்த்தி, "அவ அச்சாரம் வாங்கிட்டா" என்று சொன்னார். வேலைக்கு ஆள் எடுக்கிற பெவர்லி சந்தைக்கும் அவளைக் கூட்டிப்போகவில்லை. மெகின்சன்காரி வேறு ஒருத்தியைப் பிடித்துக்கொண்டாள். திருநாள் முடிந்தது. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. இனி அடுத்த வருஷம்தான்.

அடுத்த வருஷம் வரை தன் உடம்பு தாங்குமா என்பது ஜாபெஸுக்குச் சந்தேகம். வேலிப்புதர் வெட்டுவதும் வாய்க்கால் தோண்டுவதும்தான் அவர் பிழைப்பு. இந்தக் கோடையில் வாய்க்காலுக்குள்ளேயே இரண்டு முறை மயங்கி விழுந்தார். எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை தரமாட்டார்கள். டாமரிஸ் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. ஹல் துறைமுகத்தில் பிறந்தவள். தகப்பன் திமிங்கில வேட்டைக்குப் போனவன், திரும்பவில்லை. தாய் செத்ததும் ஜாபெஸ் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஆனால் சட்டத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு வருஷம் முழுதாக, ஒருநாள்கூடக் குறையாமல், இந்த ஊரில் ஒருவரிடம் கூலிக்கு இருந்தால்தான் அவள் ஸ்கெல்பிக்காரி, கஷ்டம் வந்தால் ஊர் அவளுக்குச் சோறு போடும். இல்லாவிட்டால் ஜாபெஸைப் புதைத்து மண் காய்வதற்குள், ஏழைகள் கணக்கைப் பார்க்கிற ஊர்ப் பொறுப்பாளர் அவளை வண்டியில் ஏற்றி ஹல்லுக்கு அனுப்பி, அங்குள்ள ஏழைகள் விடுதி வாசலில் இறக்கிவிடுவார். அங்கே அவளுக்கு ஒரு முகம் தெரியாது.

ஒரு வருஷம். அதைத்தான் கேட்கப் போகிறார். பிச்சை இல்லை, காசு இல்லை. ஒரு வருஷம்.

சமையலறையில் சமையற்காரி டபிதா வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் ஓர் இறகு.

"யாரு, ஜாபெஸா? வேலி வெட்ட வந்தியா, என் கழுத்த வெட்ட வந்தியா? மூஞ்சி அப்படி இருக்கு."

"உங்க அம்மா எங்க?"

"மேல இருக்காங்க. விருந்தாளிங்க வந்திருக்காங்க. இன்னிக்குத்தான் படத்த எல்லாருக்கும் காட்டறாங்க. நாளைக்கு வா."

"நாளைக்கு வந்தா நேத்து ஏன் வரலன்னு கேப்பே. பெட்டிய எங்க வெக்கட்டும்?"

டபிதா பெட்டியைப் பார்த்தாள். டாமரிஸைப் பார்த்தாள். வாத்தை மடியிலிருந்து இறக்கினாள். அவளும் ஒரு காலத்தில் சந்தையில் விரல் மடக்கப்பட்டு வந்தவள்தான்.

"அவங்க கையாலயே குடுத்தாங்களாடி?"

"ஆமாம் அத்தை."

"சண்டாளி" என்று முணுமுணுத்தாள் டபிதா. யாரைச் சொன்னாள் என்று விளக்கவில்லை. பிறகு நடைக்குள் தலையை நீட்டி, "க்ரேக் ஐயா! பாதாள அறைல பீப்பா ஒழுகுது, ஒயின் எல்லாம் தரைல ஓடுது!" என்று கத்தினாள். தடதடவென்று ஒரு காலடிச் சத்தம் கீழே இறங்கிப்போனது.

"ஒழுகுதா?" என்றார் ஜாபெஸ்.

"தேடிப் பாக்கட்டும். நீ ஏறு. பூட்ஸத் துடைச்சுட்டு ஏறு."

ஜாபெஸ் துடைக்கவில்லை.

மேலே கூடத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊர்ப் பாதிரியார் கையில் தேநீர்க் கிண்ணத்தோடு நின்றார். பக்கத்து ஊர்ப் பண்ணையாரின் மனைவி, பருத்த பெண்மணி, நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். ஓவியர் பெலாமி மணிக்கட்டில் சரிகை வழிய வழிய நின்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் லவினியா அம்மாள். அவருக்குப் பின்னால், சுவரில், ஆள் உயரத்துக்கு அந்தப் படம்.

படம் என்றால் ஜாபெஸுக்குத் தெரிந்தது சாராயக்கடைப் பலகையில் இருக்கிற வெள்ளைக் குதிரைதான். அந்தக் குதிரைக்குக் கால் ஐந்தா நாலா என்று இன்னும் ஊரில் வாக்குவாதம் உண்டு. இது அப்படியில்லை. அவருடைய பேத்தி அங்கே சுவரில் உயிரோடு நின்றாள். அதே கண், அதே பயம், மேலுதட்டில் அதே சின்னத் தழும்பு. பெண்ணைப் பிடித்து அங்கே ஒட்டிவைத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

படத்தில் லவினியா அம்மாள் உட்கார்ந்திருந்தார். நேரில் இருப்பதைவிடப் பத்து வயது குறைந்திருந்தது. ஒரு கை டாமரிஸின் தலைமேல். மறு கை மடியில் விரிந்த வேதப்புத்தகத்தில். பக்கத்தில் ஒரு தட்டில் ரொட்டி. முகத்தில் அப்படி ஒரு கனிவு வழிந்தது, தேன்கூட்டைப் பிழிந்த மாதிரி.

பிறகு ஜாபெஸின் கண் கீழே இறங்கியது. டாமரிஸின் சட்டை தோளில் கிழிந்து தொங்கியது. பாதம் இரண்டும் வெறும் பாதம்.

"செருப்பு எங்கடி?" என்றார் ஜாபெஸ்.

அப்போதுதான் எல்லாரும் திரும்பினார்கள்.

"யார் இந்த ஆள்? க்ரேக்! க்ரேக் எங்க போனான்?" என்றார் லவினியா அம்மாள்.

"செருப்பு எங்கன்னு கேட்டேன்."

டாமரிஸ் தாத்தாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "போட்டிருக்கேன் தாத்தா, பாரு."

"நீ போட்டிருக்கே. அவ போடலயே." சுவரைக் காட்டினார். "வேலி வெட்டுன காசுல ரிப்பன் வெச்ச செருப்பு வாங்கிக் குடுத்தேன். அந்தச் சட்டைய உன்னப் பெத்தவ சாகறதுக்கு முந்தி தன் கையால தெச்சா, ஒரு ஓட்டை கிடையாது. எவன் கிழிச்சான்?"

"நான்தான், பெரியவரே" என்றார் ஓவியர் பெலாமி, சிரித்துக்கொண்டே. "அவ சட்டைய இல்ல, வேற ஒண்ணு. அவ போட்டுட்டு வந்தது ரொம்ப நல்லா இருந்துச்சு. பாக்கறவங்க மனசு இளகணும்னா கொஞ்சம் கிழிசல் வேணும்."

"இளகறதுக்கு என் பேத்திய எதுக்குக் கிழிக்கறே? உன் கோட்டைக் கிழிச்சுக்க."

பண்ணையார் மனைவி குபீரென்று சிரித்துவிட்டு, விசிறியால் வாயை மூடிக்கொண்டார். லவினியா அம்மாளின் கழுத்து சிவந்தது.

"கிழவா, உனக்கு என்ன வேணும்? சொல்லிட்டுப் போ."

"எனக்கு ஒண்ணும் வேணாம். இவ தன் எடத்துக்கு வந்திருக்கா. நேத்து உங்க ஆளு வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டான். அந்தாளுக்கு விவரம் தெரியல போல. உங்களுக்குத் தெரியும்ல?"

"எந்த எடம்?"

"அச்சாரம் குடுத்தீங்களே, அந்த எடம்."

"என்னது?" அம்மாள் பாதிரியாரைப் பார்த்தார். "இவன் என்ன பேசறான்? அந்தப் பொண்ணு ஆடாம அசையாம நின்னா. சந்தோஷமா ஒரு ஷில்லிங் குடுத்தேன். மிட்டாய் வாங்கித் தின்னட்டும்னு."

"மிட்டாய்" என்றார் ஜாபெஸ். ஒரு வருஷத்தை மிட்டாய் என்கிறாள்.

பாதிரியார் கிண்ணத்தைக் கீழே வைத்துத் தொண்டையைச் செருமினார். முப்பது வருஷமாக அந்த ஊரில் இருக்கிறவர். "அம்மா, இந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. திருநாளுக்கு முந்தி எஜமானர் கையால காசு வெச்சு விரல மடக்கினா, அது வேலைக்கு எடுத்த மாதிரி. பாத்ல அப்படி இல்லதான். இங்க அப்படி."

"எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாங்களா?"

அதற்குள் க்ரேக் மேலே வந்துவிட்டார். கால்சட்டை முழங்கால் வரை ஒட்டடை. டபிதா சொன்ன ஒழுகலைத் தேடி எல்லாப் பீப்பாயையும் தடவிவிட்டு வந்திருந்தார். ஜாபெஸைப் பார்த்ததும் கேட்காமலே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அச்சாரம்னா பேச்சு இருக்கணும்ல ஹார்லண்ட்? கூலி எவ்வளவுன்னு பேசினியா? என்ன வேலைன்னு கேட்டியா? எத்தன மாசம்னு வாயத் தொறந்தியா? சந்தைல ஒரு மாடு வாங்கறவன்கூட நாலு வார்த்தை பேசுவான்."

இது ஜாபெஸுக்கு உறைத்தது. அவர் பேசவில்லைதான். ஒருமுறை இந்தப் படியேறி வந்து, தொப்பியைக் கழற்றி, "அம்மா, இது வருஷத்துக்குத்தானே?" என்று கேட்டிருக்கலாம். பெரிய இடத்துப் படி ஏறிக் கேட்பது அவருக்குப் பிடிக்காது. பேத்தியின் வாயால் கேட்டதோடு விட்டுவிட்டார். தப்பு தன் பக்கம் கொஞ்சம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

"அவங்க பேசினாங்க! டாமரிஸ், சொல்லு. காசு வெக்கறப்ப என்ன சொன்னாங்க?"

டாமரிஸ் தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஒரு சொல்கூட மாறவில்லை. "நீ எங்கிட்ட வந்துட்டே, இந்தக் குளிர்காலத்துல உனக்கு ஒரு குறையும் வராதுன்னு சொன்னாங்க."

"நான் அப்படிச் சொன்னேனா? இருக்காது" என்றார் லவினியா அம்மாள். பிறகு, "சொல்லியிருந்தாலும், அது ஒரு அன்புக்குச் சொல்றது" என்றார்.

"இவரும் இருந்தாரு" என்று டாமரிஸ் ஓவியரைக் கையால் காட்டினாள். "இவருக்குக் கேட்டிருக்கும்."

எல்லாரும் பெலாமியைப் பார்த்தார்கள். பெலாமி அம்மாளைப் பார்த்தார். படத்துக்கு உண்டான பணம் இன்னும் அவர் கைக்கு வரவில்லை என்று டபிதா பிறகு சொன்னாள்.

"நான் வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். வேலை செய்யறப்ப எனக்குக் காது கேக்காது."

"சட்டைய எங்க கிழிக்கணும்னு மட்டும் கண்ணு தெரிஞ்சுது" என்றார் ஜாபெஸ்.

"போதும்" என்றார் க்ரேக். "வா ஹார்லண்ட், கீழ போய்ப் பேசிக்கலாம்." தோளில் கை வைத்தார்.

ஜாபெஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டு நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மண் பூட்ஸ் கம்பளத்தில் தடம் தடமாகப் பதிந்தது.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காயிதத்துல கையெழுத்துக்குப் பதிலாச் சிலுவ போடச் சொன்னா போடுவேன். ஆனா போட்டா போட்டதுதான், மறுநாள் போய் அது என் சிலுவ இல்லன்னு சொல்ல முடியாது. இங்க பாருங்க. இது யாரு? நீங்க. இது யாரு? என் பேத்தி. இந்தக் கை யாரு கை? தலைமேல இருக்கே, அந்தக் கை. ரொட்டி இருக்கு, வேதம் இருக்கு. செருப்புக்கூட இல்லாத அனாதைய இந்த அம்மா எடுத்து வளக்கறாங்கன்னு ஊருக்கே எழுதி மாட்டியிருக்கீங்க. நூறு வருஷம் கழிச்சுப் பாக்கறவனும் அப்படித்தான் நெனப்பான். இதைவிடப் பெரிய கையெழுத்து எது? படம் பொய்யின்னா கழட்டுங்க. நெருப்பு பக்கத்துலதான் இருக்கு. நெஜம்னா அவளுக்குப் படுக்கைய எங்கன்னு காட்டுங்க."

லவினியா அம்மாள் ஒருமுறை திரும்பி, சுவரில் இருந்த தன் முகத்தைப் பார்த்தார். அதற்குள் பண்ணையார் மனைவியால் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மாட்டிக்கிட்டே லவினியா! நல்லா மாட்டிக்கிட்டே! இதை நான் யார்க் நகரத்துல போய்ச் சொல்லலன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது!"

அம்மாளின் முகம் வெளுத்தது. பிறகு நிறம் திரும்பியது. ஜாபெஸ் அந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் குதிரையைப் பார்க்கிற பார்வை. அந்த முகத்தில் வெட்கம் வந்ததை அவர் பார்த்தார். கூடவே கணக்குப் போடுகிற பார்வை வந்ததையும் பார்த்தார். அதற்குப் பிறகு, படத்தில் இருந்த அதே கனிவு, அதே தேன், மெல்ல வந்து உட்கார்ந்தது.

"யார்க்ல சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லு" என்றார் அம்மாள், சிரித்து. "பெலாமி படத்துல எழுதினதை லவினியா வீட்டுல செஞ்சு காட்டினாள்னு சொல்லு. வாடி கண்ணு, இங்க வா." டாமரிஸை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தித் தலைமேல் கையை வைத்தார். படத்தில் இருந்தபடியே. "இவ இங்கயே இருக்கட்டும்."

பாதிரியார் கைதட்டினார். பெலாமியும் தட்டினார். "அற்புதம், அப்படியே நில்லுங்க" என்றுகூடச் சொன்னார்.

ஜாபெஸ் தட்டவில்லை. கேட்டது கிடைத்தது. கிடைத்த விதம் அவருக்கு வாயில் மண் போட்ட மாதிரி இருந்தது. அவர் கோபத்தையே ஒரு தட்டில் வைத்து விருந்தாளிகளுக்குப் பரிமாறிவிட்டார்கள்.

"எத்தன நாளைக்கு?" என்றார்.

"இன்னும் என்ன?"

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்தான்."

"முழுசா?"

"முழுசா. என் வார்த்தை. இப்போ போறியா? கம்பளத்தைப் பாரு, தொழுவம் மாதிரி ஆயிருச்சு."

கொல்லைப்புற முற்றத்துக்கு இறங்கியதும் க்ரேக் பின்னாலேயே வந்தார். கோபமே இல்லை அவரிடம். கால்சட்டை ஒட்டடையைத் தட்டிக்கொண்டே மிக இனிமையாகப் பேசினார்.

"நல்லாப் பேசினே ஹார்லண்ட். நானே அசந்துட்டேன். பொண்ணு டபிதாகிட்ட இருக்கட்டும். நல்லாப் பாத்துக்குவோம். அடுத்த மார்ட்டின் திருநாளுக்கு ஒரு வாரம் முந்தி அம்மா பாத் நகரத்துக்குப் போறாங்க. அந்த வாரம் வீட்டைப் பூட்டிருவோம். வேலைக்காரங்க எல்லாம் கணக்கு முடிச்சுட்டு வீட்டுக்குப் போலாம். உன் பேத்தியும் வந்து உன்கூட இருக்கட்டும். பாவம், உனக்கும் வயசாச்சு."

ஜாபெஸ் நின்றுவிட்டார்.

"ஒரு வாரம் முந்தியா?"

"ஒரு வாரம்தானே."

"அந்த ஒரு வாரம் இல்லன்னா வருஷம் முழுசு இல்ல."

"அப்படியா?" என்றார் க்ரேக். "நான் அதை யோசிக்கவே இல்ல பாரு."

"அம்மா முழுசுன்னு சொன்னாங்க. எல்லார் முன்னாலயும்."

"சொன்னாங்க. அம்மா நிறைய சொல்லுவாங்க. நீயே பாத்தேல்ல, சொன்னது அவங்களுக்கே ஞாபகம் இருக்கறதில்ல." க்ரேக் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஒண்ணு தெரியுமா? வர்ற ஈஸ்டர்லேருந்து ஊர்ப் பொறுப்பாளர் நான்தான். வெளியூர்ப் பிள்ளைங்க ஒவ்வொண்ணும் இந்த ஊர்க் கணக்குல ஏறினா, அவங்களுக்குச் சோறு போடற ஏழை வரிய யாரு கட்டறது? பாதிக்கு மேல இந்த வீடுதான் கட்டுது. நான் என் எஜமானிக்கு விசுவாசமா இருக்கேன். நீ உன் பேத்திக்கு இருக்கற மாதிரி."

ஜாபெஸின் கை முஷ்டியாக மடங்கியது. அடித்திருப்பார். அடித்தால் அதையே காரணம் காட்டி இன்றே பெண்ணைத் துரத்திவிடுவான் என்று தெரிந்ததால் முஷ்டியைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். க்ரேக் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

சமையலறை வாசலில் டபிதாவும் டாமரிஸும் நின்றிருந்தார்கள். எல்லாம் கேட்டிருந்தது.

"அந்த வாரம் நான் போகமாட்டேன் தாத்தா" என்றாள் டாமரிஸ். கண் கலங்கவில்லை. படத்தில் இருந்த பயமும் இப்போது முகத்தில் இல்லை. "வீட்டைப் பூட்டினா மாட்டுக் கொட்டகைல படுத்துக்கறேன். என்னைத் தூக்கித்தான் வெளிய போடணும். தூக்கினா கத்துவேன். ஊரே கேக்கற மாதிரி கத்துவேன்."

"பூட்டினா சாவி எங்கிட்டதான் இருக்கும்" என்றாள் டபிதா. "வீட்டைக் காவல் காக்க ஒருத்தி வேணும்ல. ரெண்டு பேரா இருந்துட்டுப் போறோம்."

"நீயும் அவங்க கூலி வாங்கறவதான்" என்றார் ஜாபெஸ்.

டபிதாவுக்குச் சுருக்கென்றது. "நன்றிகெட்ட கிழவா. ஒழுகாத பீப்பாய ஒழுகவெச்சவ நான்."

"அது இன்னிக்கு. அடுத்த வருஷக் குளிர்ல அந்தாளு உன் வேலைக்கே வேட்டு வெக்கறேன்னு மிரட்டினா?"

"மிரட்டிப் பாக்கட்டும்."

"பாக்கலாம். பாக்கலாம்." ஜாபெஸ் பேத்தியின் பக்கம் திரும்பினார். என்னவோ சொல்ல நினைத்தார். "வேலையச் சுத்தமாச் செய். சாக்குச் சொல்ல எடம் குடுக்காத. எவ எதைக் குடுத்தாலும், எதுக்குன்னு கேட்டுட்டு வாங்கு" என்று மட்டும் சொன்னார். அவள் தலையைத் தொடப்போன கை பாதியில் நின்றுவிட்டது. மேலே ஒருத்தி இப்போதுதான் அதைச் செய்து கைதட்டல் வாங்கியிருந்தாள். கையை இழுத்துக்கொண்டார்.

மரச்சாலையில் பாதி தூரம் இறங்கியிருப்பார். பின்னால் மூச்சு வாங்க ஓடிவருகிற சத்தம். பாதிரியார்.

"ஜாபெஸ்! நில்லு. ஏன் இப்படி ஓடறே? ஜெயிச்சவன் மாதிரியா போறே? நான் எல்லாத்தையும் கேட்டேன், நான் சாட்சி. முழு வருஷம்னு அந்த அம்மா சொன்னாங்க. நம்பிக்கை வை."

"நீங்க சாட்சிதான் ஐயா. உங்க வேலைய உங்களுக்குக் குடுத்தது யாரு?"

பாதிரியார் திரும்பி மாளிகையைப் பார்த்தார். "இந்த வீட்டுக்காரங்கதான். அதனால?"

"ஒண்ணுமில்ல, கேட்டேன்."

"உனக்கு யாரு மேலயுமே நம்பிக்கை கிடையாது. அது பெரிய பாவம் ஜாபெஸ். அந்த அம்மா மனசு நல்ல மனசு. அந்தப் படத்துல அவங்க முகத்தப் பாத்தேல்ல? அப்படி ஒரு இரக்கம் உள்ள இல்லாம வெளிய வருமா?"

"வரும். காசு குடுத்தா வரும். அதுக்குத்தான யார்க்லேருந்து ஆளக் கூட்டிட்டு வந்தாங்க."

"அப்ப எப்பத்தான் நம்புவே?"

"அடுத்த மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள் காலைல, அவ அந்த வீட்டு வாசலக் கூட்டிக்கிட்டிருக்கறத என் கண்ணால பாத்தா, அன்னிக்கு நம்பறேன்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் சாகாம இருக்கப் பாக்கறேன்."

பாதிரியார் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பொறுமை என்றும் கிருபை என்றும் காதில் விழுந்தது. ஜாபெஸ் நிற்கவில்லை. தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, காற்றுக்கு எதிராக, வாய்க்குள் திட்டிக்கொண்டே இறங்கிப்போனார்.